வர்ணம் பற்றும் எல்லை

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், சிலாங்கூரின் எல்லையை ஒட்டிக் கிடக்கும் தஞ்சோங் மாலிமில், புரோட்டோன் நிறுவனத்தின் புதிய மோட்டார் வண்டித் தொழிற்சாலை 2003-ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தியைத் தொடங்கி, மறு ஆண்டிலேயே ஜென்-2 என்னும் வண்டியை வெளியே அனுப்பிற்று. ஈப்போவிலிருந்து கம்பார், தாப்பா, பீடோர், சிலிம் ரிவர் என்று பழைய பெருஞ்சாலையில் தெற்கு நோக்கி வருகிறவர்கள், ஒரு காலத்தில் அச்சாலையின் இருபுறமும் நின்ற பால் மரங்களின் இடத்தில் இன்று செம்பனையையும் வீடமைப்புப் பகுதிகளையுமே மிகுதியாகக் காண்பார்கள். லயங்களில் வாழ்ந்து அம்மரங்களைச் சீவிய தமிழ்க் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளோ ஈப்போவிலும், கிள்ளான் பள்ளத்தாக்கிலும், தொழிற்பேட்டைகளிலும் பரவிவிட்டார்கள். மரத்தின் பாலுக்கும், புது வண்டியின் முன்னும் பின்னும் பொருத்தப்படும் வர்ணம் பூசிய பிளாஸ்டிக் பம்பருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்றுதான் முதற் பார்வைக்குத் தோன்றும். உண்மையில், ஒன்றோடொன்று கலக்க மறுக்கும் இரண்டு நெடுமூலக்கூறுப் பொருள்களை அவை சந்திக்கும் எல்லையில் பிணைப்பது எப்படி என்ற ஒரே கேள்விதான் இரண்டிடத்திலும் எழுகிறது. பம்பருக்குப் பிற்காலத்தில் கண்ட விடையின் அடிப்படையை, தோட்டத்து ரப்பரில் செய்த இரசாயனப் பரிசோதனைகள் அதற்கு முன்பே காட்டியிருந்தன என்பதே இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்பும் விஷயம்.

எஃகுத் தகட்டில் வர்ணம் பூசுவதற்கு நெடுங்கால அனுபவம் உண்டு. தகட்டைக் கழுவி, பாஸ்பேட் உப்புகளால் அதன் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தி, மின்னோட்டத்தின் உதவியால் முதற்பூச்சைப் படியவைத்து, 170, 180 பாகை செல்சியஸ் உஷ்ணத்தில் சுட்டெடுத்தால், உலோகத்தின் மீதுள்ள ஆக்சைடு படலம் வர்ணப் பிசினின் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. பம்பருக்கு இந்தச் சௌகரியங்களில் ஒன்றும் கிடையாது. அது மின்சாரத்தைக் கடத்தாது; பாஸ்பேட்டோடு வினைபுரியாது; 165 பாகை அளவில் உருகிவிடும் பொருளாதலால், அதன் மேல் பூசிய வர்ணத்தை 80-இலிருந்து 120 பாகைக்குள்ளாகவே உலர்த்தியாக வேண்டும். ஆயினும் வண்டியை வாங்குகிறவர் கதவின் நிறமும் பம்பரின் நிறமும் வேறுபடாதிருக்க வேண்டும் என்றும், இரண்டும் வெயிலையும் மழையையும் ஒரே விதமாகத் தாங்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பு நியாயமானதே.

பம்பரைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால், அது எதனால் ஆனது என்பதைக் குறிக்கும் எழுத்துகள் அச்சிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்: பெரும்பாலும் பி.பி., ஈ.பி.டி.எம். என்ற இரண்டு குறிகளும், அவற்றை அடுத்து மாக்கல் தூளின் சதவீதத்தைக் காட்டும் ஓர் எண்ணும். பி.பி. என்பது பாலிபுரோப்பிலீன், ஈ.பி.டி.எம். என்பது எத்திலீனையும் புரோப்பிலீனையும் இணைத்துச் செய்த செயற்கை ரப்பர். பாலிபுரோப்பிலீன் மலிவானது, தண்ணீரைவிட இலேசானது, அமிலத்துக்கும் காரத்துக்கும் அஞ்சாதது. அடிபட்டால் விரிசல் விட்டுப் பிளந்துவிடுவதுதான் அதன் குறை. குளிர் நாடுகளில் இக்குறை இன்னும் அதிகம். அக்குறையை நீக்கவே ரப்பர் சேர்க்கப்படுகிறது. உருக்கிப் பிசையும்போது ரப்பர் கரைந்து மறைந்துவிடுவதில்லை. ஒரு மைக்ரானும் அதற்குக் குறைவுமான சிறு துளிகளாகப் பாலிபுரோப்பிலீனுக்குள் சிதறி நிற்கிறது. அடி விழும்போது இத்துளிகளைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் ஆயிரமாயிரம் இடங்களில் சிறிது சிறிதாக நெகிழ்ந்துகொடுத்து, ஓரிடத்தில் பெரிய பிளவு தோன்றாதபடி அந்த வேகத்தை உறிஞ்சிவிடுகிறது. இவ்விரண்டும் கலந்து ஒன்றாகியிருந்தால் இந்த நன்மை கிடைத்திராது. கலவாமையே இங்கே உபகாரம் செய்கிறது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் கலப்பதில்லை? சாராயமும் தண்ணீரும் கலக்கின்றன; பென்சீனும் டொலுவீனும் கலக்கின்றன; எத்திலீனாலும் புரோப்பிலீனாலும் ஆகி, இரசாயன சுபாவத்தில் அவ்வளவு நெருங்கிய இரண்டு பொருள்கள் மட்டும் ஏன் விலகி நிற்க வேண்டும்? இதற்குரிய கணக்கை 1941-42-இல் பால் ஃபுளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியே வகுத்தார்கள். ஃபுளோரிக்கு 1974-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறு மூலக்கூறுகள் கலப்பதற்குத் தூண்டுதலாக இருப்பது, கலந்த பின் அவை அமைந்திருக்கக்கூடிய விதங்களின் எண்ணிக்கை அளவின்றிப் பெருகுவதுதான். சிவப்பு மணிகளையும் கறுப்பு மணிகளையும் உதிரியாக ஒரு பெட்டியில் கொட்டிக் குலுக்கினால் அவை எண்ணற்ற விதமாகக் கலந்து கிடக்கும். அதே மணிகளை ஆயிரம் ஆயிரமாகச் சரங்களில் கோத்துவிட்டுக் குலுக்கினால், ஒவ்வொரு மணியும் தன் அண்டை மணிகளோடு கட்டுண்டிருப்பதால், அமையக்கூடிய விதங்கள் மிகச் சுருங்கிப்போகும். பாலிமர் என்பது அவ்வாறு கோத்த சரம். ஆகவே கலப்பதில் கிடைக்கும் ஆதாயம் நன்றாய்க் குறைந்துவிட, இரு பொருள்களின் உறுப்புகளுக்கிடையே அற்பமான வெறுப்பு இருந்தாலும் அது பிரிவினைக்குப் போதுமானதாகிறது. ஃபுளோரியும் ஹக்கின்ஸும் அந்த வெறுப்பை ஓர் எண்ணால் அளந்தார்கள். இருவகைச் சங்கிலிகளும் ஆயிரம் உறுப்புகள் கொண்டவையானால், அந்த எண் 0.002-ஐத் தாண்டியதுமே கலவை பிரியத் தொடங்கலாம் என்பது அவர்கள் கணக்கின் முடிவு. பாலிமர் உலகில் கலவாமையே பொது விதி, கலப்பது விதிவிலக்கு என்பதற்கு இதுவே காரணம்.

விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பாலிஃபினிலீன் ஆக்சைடும் பாலிஸ்டைரீனும் எல்லா விகிதத்திலும் கலக்கும். 1966-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் நோரில் என்ற பெயரில் வெளியிட்ட பிளாஸ்டிக் இந்தக் கலப்பால் பிறந்தது. வேறொரு விதிவிலக்கு நம் தோட்டத்து ரப்பரைச் சேர்ந்தது. அதைச் சற்றுப் பின்னர் விரிவாகப் பார்ப்போம்.

கலவாத இரண்டு பாலிமர்கள் சந்திக்கும் எல்லை கத்தியால் வெட்டினாற்போல் கூர்மையானதன்று. இரு பக்கத்துச் சங்கிலிகளும் ஒன்றின் பிரதேசத்துக்குள் மற்றொன்று சிறிது தூரம் நுழைந்து வளைந்து திரும்புகின்றன. அந்த இடைமுகத்தின் கனம் பொதுவாகச் சில நானோமீட்டர் மட்டுமே. 1970-களின் தொடக்கத்தில் ஹெல்ஃபாண்டும் டகாமியும் காட்டியபடி, இரு பொருள்களின் வெறுப்பு குறையக் குறைய இடைமுகம் அகலமாகிறது. அதே சமயத்தில் பிரான்சில் டி ஜென், பாலிமர்ச் சங்கிலியொன்று தன்னைச் சூழ்ந்த சங்கிலிகளின் நெருக்கத்துக்கிடையே பாம்பைப் போல் ஊர்ந்தே நகர முடியும் என்ற கொள்கையை 1971-இல் வெளியிட்டார். இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒட்டுதலின் சூட்சுமம் விளங்கும். இடைமுகத்தைக் கடந்து சென்ற சங்கிலி அப்புறத்துச் சங்கிலிகளோடு சிக்கிக்கொள்ளும் அளவுக்கு ஆழமாக நுழைந்திருந்தால், அதைப் பிடுங்கி எடுப்பதற்குப் பெரும் சக்தி வேண்டும். நுனி மட்டும் நுழைந்திருந்தால், சிறு விசையிலேயே வழுக்கி வெளியே வந்துவிடும். ஆகவே வர்ணத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள பிணைப்பு எத்தகையது என்பதை, மொத்தம் நூறு மைக்ரான் அளவேயான பூச்சின் அடியில், அதில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத ஓர் இடம் நிர்ணயிக்கிறது.

இந்த இடத்தில் பலருக்கு நேரும் ஒரு குழப்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திரவம் திடப்பொருளின் மீது பரவி நனைப்பது வேறு, உலர்ந்த பின் பற்றி நிற்பது வேறு. நனைத்தலின் விதியை 1805-ஆம் ஆண்டிலேயே தாமஸ் யங் விளக்கிவிட்டார். பாலிபுரோப்பிலீனின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அளவானது. தண்ணீருக்கு அது 73-ஐ ஒட்டியது. எனவே தண்ணீர் அதன் மேல் முத்துமுத்தாக உருண்டு நிற்கிறது. வர்ணமும் பரவவேண்டுமானால் ஒன்று வர்ணத்தின் இழுவிசை குறைய வேண்டும், அல்லது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் ஆக்சிஜன் கொண்ட மூலக்கூறுத் தொகுதிகள் உண்டாக வேண்டும். பின்னதைச் செய்யவே ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் சில தொழிற்சாலைகள் பம்பரின் மேல் எரிவாயுச் சுவாலையை ஒரு கணத்துக்கும் குறைவான நேரம் ஓட்டி எடுக்கின்றன. ஆனால் நன்றாகப் பரவிய வர்ணமும் உரிந்துபோவதுண்டு. ஏனென்றால் அச்சில் செலுத்தி வார்க்கும்போது மேற்பரப்புக்கு அடியில் வலுவற்ற ஓர் ஏடு உண்டாகியிருந்தால், வர்ணம் அந்த ஏட்டைப் பற்றிக்கொண்டு, அதோடு சேர்ந்தே பிய்ந்து வந்துவிடும். இத்தகைய பலவீனமான எல்லை அடுக்குகளின் முக்கியத்துவத்தை 1960-களில் பைக்கர்மன் என்ற ஆராய்ச்சியாளர் விடாமல் வற்புறுத்தி வந்தார்; அவர் சற்று மிகையாகவே வற்புறுத்தினார் என்று பின்வந்தோர் கருதினாலும், பம்பரின் விஷயத்தில் அவர் சொன்னது பெரிதும் பொருந்துகிறது.

இனி, உலகெங்கும் பம்பர்த் தொழிலில் கைக்கொள்ளப்பட்ட வழியைப் பார்ப்போம். பாலிபுரோப்பிலீனையே எடுத்து, அதன் சங்கிலியில் அங்கங்கே குளோரினை ஏற்றி, எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குளோரின் இருக்குமாறு செய்து, டொலுவீன் அல்லது சைலீனில் கரைத்து, வர்ணத்துக்கு முன் பிரைமர் என்னும் மெல்லிய முதற்பூச்சாகத் தெளிக்கிறார்கள். அதன் கனம் பத்து மைக்ரான் அளவுக்கு மேல் போவதில்லை. குளோரின் ஏறாத பகுதிகள் அடியிலுள்ள பிளாஸ்டிக்கின் இயல்பையும், குளோரின் ஏறிய பகுதிகள் மேலே வரவிருக்கும் வர்ணப் பிசினின் இயல்பையும் ஒத்திருக்கின்றன. குளோரின் அளவு குறைந்தால் அது பிளாஸ்டிக்கோடு நன்கு இணங்கும். ஆனால் கரைப்பானில் கரையாது, மேற்பூச்சோடும் சேராது. அளவு மிஞ்சினால் மேற்பூச்சோடு சேரும், பிளாஸ்டிக்கைக் கைவிட்டுவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய இடைவெளியில்தான் இந்தத் தொழில் நிற்கிறது.

இதில் ஈ.பி.டி.எம். வகிக்கும் பங்கு நெடுநாள் வரை சரியாக உணரப்படவில்லை. பாலிபுரோப்பிலீனின் பெரும்பகுதி படிகமாக இறுகியிருப்பதால் அதற்குள் எந்தச் சங்கிலியும் எளிதில் நுழைய இயலாது. ரப்பர்த் துளிகளில் படிகம் இல்லை. டொலுவீன் பட்டதும் அவை ஊறிப் பருக்கின்றன. அவ்வாறு ஊறி நெகிழ்ந்த வாயில்கள் வழியாகவே குளோரின் ஏற்றிய சங்கிலிகள் உள்ளே இறங்கிச் சிக்கிக்கொள்கின்றன. ருதேனியம் டெட்ராக்சைடு என்னும் சேர்மத்தால் ரப்பர்ப் பகுதிகளுக்குச் சாயமேற்றி, மெல்லிய சீவல்களாக வெட்டி, மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, வார்ப்பின் மேற்பரப்பில் பாலிபுரோப்பிலீன் மிகுந்த ஒரு தோலும், அதற்குச் சற்றுக் கீழே ஓட்டத்தின் திசையில் நீண்டு தட்டையான ரப்பர்த் துளிகளும் இருப்பது பிரத்தியட்சமாயிற்று. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தைச் சேர்ந்த ரோஸ் ரின்ட்ஸ் 1990-களில் இத்துறையில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர். அவரும் பிறரும் செய்த பரிசோதனைகளிலிருந்து தெளிவாகும் செய்தி என்னவென்றால், வர்ணம் உரிவதாக நாம் காணும் பல சந்தர்ப்பங்களில் முறிவு நிகழ்வது வர்ணத்திலும் அன்று, பிரைமரிலும் அன்று. பிளாஸ்டிக்கின் தோலுக்கு அடியிலேயேதான். உரிந்த வர்ணச் செதிலின் பின்புறத்தைச் சோதித்தால் அதில் பாலிபுரோப்பிலீன் ஒட்டியிருக்கும்.

ஈப்போவின் வாகனப் பட்டறைகளுக்கு இது ஏட்டளவான ஞானமன்று. மோதி நசுங்கிய பம்பரைச் சீர்செய்து வர்ணமடித்து அனுப்பிய சில மாதங்களில் அது தோல் தோலாக உரிந்து வந்தால், வர்ணமடித்தவர் மீதே பழி விழுகிறது. அவரோ வர்ணக் கம்பெனியைக் குறை சொல்கிறார். உண்மையான காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும். பழைய வர்ணத்தைத் தேய்த்தபோது முதற் பிரைமர் முழுவதும் போய், வெறும் பாலிபுரோப்பிலீன் வெளிப்பட்டிருக்கும்; அதற்குரிய பிளாஸ்டிக் பிரைமரைத் தெளிக்காமல் தகட்டுக்குரிய பிரைமரையே தெளித்திருப்பார்கள்; அல்லது அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய மெழுகின் மிச்சம் புதுப் பம்பரின் மேல் துடைபடாமல் நின்றிருக்கும்; அல்லது பெட்ரோல் சிந்தி, குளோரின் ஏற்றிய பிரைமரை ஊறவைத்து இளக்கியிருக்கும். உட்புறத்து எழுத்துகளை முதலில் படித்து, பி.பி. என்று இருந்தால் அதற்குரிய பிரைமரைத் தேடுவது, தின்னரைக் குறைப்பதையும் கூட்டுவதையும்விடப் பயன் தருவது. ஒட்டுதலைச் சோதிக்கும் முறையும் எளியதே: கூரிய கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக ஆறு ஆறு கீறல்கள் இட்டு, 25 சிறு சதுரங்களாக்கி, அவற்றின் மேல் ஒட்டு நாடாவை அழுத்தி வெடுக்கென்று உரித்து, எத்தனை சதுரங்கள் நாடாவோடு வந்தன என்று பார்க்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 2409 என்ற சர்வதேச நியமம் இதைத்தான் விவரிக்கிறது.

இனித் தோட்டத்துக்குத் திரும்புவோம். 1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்து, அடுத்த ஆண்டில் 22 கன்றுகளாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது பேராக்கின் கோல கங்சாரில், பிரிட்டிஷ் ரெசிடென்டாக இருந்த ஹியூ லோவின் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்னும் அவ்வூரில் நிற்கிறது. அந்தச் சிறிய தொடக்கத்திலிருந்து சுங்கை சிப்புட், பத்து காஜா, தெலுக் இந்தான் வட்டாரங்களிலெல்லாம் தோட்டங்கள் விரிந்ததும், அவற்றுக்குத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் மூலம் ஆட்கள் வந்ததும் எல்லோரும் அறிந்த சரித்திரம். அறியப்படாதது, அந்த ரப்பர் கப்பலேறிய பின் அதற்கு நேர்ந்த இரசாயன மாற்றங்கள். டயராக மாறியது மட்டுமே நம் பெரியவர்களுக்குத் தெரியும். அதில் ஒரு சிறு பகுதி வர்ணமாகவும் மாறிற்று.

ரப்பரைக் கார்பன் டெட்ராகுளோரைடில் கரைத்து அதனுள் குளோரின் வாயுவைச் செலுத்தினால், மென்மையும் இழுவையும் அடியோடு போய், எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குளோரினாக உள்ள வெண்மையான பொடி கிடைக்கிறது. 1930-களில் இது ஐரோப்பாவில் வாணிபப் பொருளாயிற்று, ஐ.சி.ஐ. நிறுவனம் அல்லோபிரீன் என்ற பெயரில் இதை விற்றது. கப்பலின் அடிப்புறம், நீச்சல் குளம், சிமெண்டுத் தளம், சாலைக் கோடு என்று உப்பும் காரமும் தாக்கும் இடங்களுக்கெல்லாம் இந்தக் குளோரின் ரப்பர் வர்ணம் பல பத்தாண்டுகள் உழைத்தது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் மான்ட்ரியலில் செய்த உடன்படிக்கையின் வழியில் கார்பன் டெட்ராகுளோரைடு விலக்கப்பட்ட பின், அத்தொழில் வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஆயினும் பாடம் நின்றது: கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஒரு சங்கிலியில் குளோரினை ஏற்றினால், அதன் சிநேகங்கள் மாறுகின்றன, முன்பு தள்ளிவைத்த பிசின்களை அது பின்பு சேர்த்துக்கொள்கிறது. பம்பருக்குரிய பிரைமரின் அடிப்படைத் தத்துவம் இதுவே. அங்கே குளோரினை அரைகுறையாக நிறுத்திக்கொண்டார்கள் என்பதுதான் வேறுபாடு.

இதைவிட நுட்பமான பாடத்தைக் கற்பித்தவை, மலாயா ரப்பரின் மேல் விதித்த ஆய்வுத் தீர்வையால் நடந்த நிறுவனங்கள். 1925-இல் தோன்றிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும், இங்கிலாந்தில் முதலில் வெல்வின் கார்டன் சிட்டியிலும் பின்னர் பிரிக்கன்டன்பரியிலும் இயங்கிய உற்பத்தியாளர் ஆய்வகமும் அத்தகையவை. ஏற்றுமதியான ஒவ்வொரு மூட்டை ரப்பரின் மீதும் வசூலான தீர்வை அந்த ஆய்வகங்களின் விளக்கை எரித்தது என்றால், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, வாளியும் உளியுமாக மர நிரைக்குப் போன பேராக் தமிழரின் உழைப்பில் ஒரு பங்கு அந்த விஞ்ஞானத்துக்குள் போயிருக்கிறது என்றே பொருள். அதன் பலன்கள் ஆங்கில ஏடுகளில் வெளிவந்து, உலகத் தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. உழைத்தவர்களின் மொழியில் அவற்றைச் சொல்வார் அநேகமாக இல்லை. இதை நான் மனக்குறையாகவே உணர்கிறேன்.

1950-களில் இங்கிலாந்திலிருந்த அந்த உற்பத்தியாளர் ஆய்வகம் ரப்பர்ப் பாலுக்குள்ளேயே மெத்தில் மெத்தாகிரிலேட்டைப் பாலிமராக்கி, ரப்பர்ச் சங்கிலியின் மேல் வேறொரு பிளாஸ்டிக்கின் கிளைகளை ஒட்டவைத்தது. ஹெவியாபிளஸ் எம்.ஜி. என்று பெயர்பெற்ற அப்பொருளின் ஒரு பகுதி ரப்பரோடும் மற்றொரு பகுதி முனைவுள்ள பிளாஸ்டிக்குகளோடும் இணங்கியதால், ரப்பரையும் பி.வி.சி.யையும் ஒட்டும் பசையாகப் பயன்பட்டது. இரண்டு சுபாவமும் ஒரே மூலக்கூறில் அமைந்தால் அது தானாகவே எல்லையைத் தேடிச் சென்று அமரும் என்பதை இன்று எல்லாப் பாடப்புத்தகங்களும் சொல்கின்றன.

1980-களில் வந்த எப்பாக்சி ரப்பர் இதற்கும் மேலானது. தோட்டத்து ஸ்டோரில் பாலை உறைய வைக்க ஊற்றும் ஃபார்மிக் அமிலத்தைத் தோட்டத்தில் வளர்ந்த எல்லோரும் அறிவார்கள். அதன் நெடியை மறந்தவர் இருக்க முடியாது. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று சேரவொட்டாமல் காப்பது, அவற்றின் மேற்பரப்பிலுள்ள புரதமும் கொழுப்பும் கொண்ட, எதிர்மின்னூட்டம் பெற்ற படலம். அமிலம் அந்த மின்னூட்டத்தை அழித்ததும் துகள்கள் சேர்ந்து கட்டியாகின்றன. ஆக, பால் உறைவதும் ஓர் இடைமுக நிகழ்ச்சியே. துகள்கள் திரளாதபடி தகுந்த சோப்புப் பொருளைச் சேர்த்துவிட்டு, அதே ஃபார்மிக் அமிலத்தோடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால், ரப்பர்ச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜன் அணு வளையமாக ஏறிக்கொள்கிறது. நூற்றில் 25 உறுப்புகளில் ஏறியது இ.என்.ஆர்.-25, பாதியில் ஏறியது இ.என்.ஆர்.-50. நூற்றுக்கு ஓர் உறுப்பு மாறுந்தோறும் ரப்பர் கண்ணாடிபோல் விறைக்கும் உஷ்ணம் ஏறக்குறைய ஒரு பாகை உயர்கிறது: சாதாரண ரப்பர் விறைப்பது பூச்சியத்துக்குக் கீழ் 70 பாகையில், இ.என்.ஆர்.-50 விறைப்பது பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 20 பாகையில்.

முன்பு குறிப்பிட்ட விதிவிலக்கு இங்கேதான் இருக்கிறது. சாதாரண ரப்பரும் பி.வி.சி.யும் சிறிதும் கலப்பதில்லை. இ.என்.ஆர்.-25 அரைமனதாக இணங்குகிறது. இ.என்.ஆர்.-50-ஓ பி.வி.சி.யோடு முற்றும் கலந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரே உஷ்ணத்தில் விறைக்கும் ஒரே பொருளாகிவிடுகிறது. இரண்டு விறைப்பு உஷ்ணங்கள் தோன்றினால் பொருள்கள் பிரிந்திருக்கின்றன. ஒன்றே தோன்றினால் கலந்திருக்கின்றன. இதுவே பாலிமர்க் கலப்பின் பிரதான அத்தாட்சி. கிரேக்க ஆராய்ச்சியாளர்களான மார்கரிட்டிஸும் கால்ஃபோக்லூவும் இ.என்.ஆர்.-50-உம் பி.வி.சி.யும் கலப்பதை 1987-இல் வெளியிட்டார்கள். எப்பாக்சி வளையத்தின் ஆக்சிஜனுக்கும், பி.வி.சி.யில் குளோரினுக்கு அருகிலுள்ள ஹைட்ரஜனுக்கும் உண்டாகும் ஈர்ப்பே இதற்குக் காரணமென்று கருதப்படுகிறது. அதன்பின் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலும், கரக்பூரின் ரப்பர் தொழில்நுட்ப மையத்திலும் இக்கலவையைப் பற்றி விரிவான ஆய்வுகள் நடந்தன. வெப்பத்தில் இவ்விரண்டும் வேறு மருந்தின் உதவியின்றித் தாமே குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன என்பது கரக்பூரில் கண்ட அழகிய முடிவு. ஒரு சங்கிலியில் முனைவுள்ள தொகுதிகளைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போனால், கலவாமை, அரைக்கலப்பு, முழுக்கலப்பு என்ற மூன்று நிலைகளையும் வரிசையாகக் கடக்கலாம் என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணத்தை நான் அறியேன். குளோரின் பிரைமரின் குறுகிய இடைவெளி ஏன் குறுகியதாக இருக்கிறது என்பதும் இதனாலேயே விளங்குகிறது.

அப்படியானால் பம்பரில் ஈ.பி.டி.எம்.முக்குப் பதில் நம் ரப்பரையே சேர்த்தாலென்ன என்று கேட்கலாம். அந்த முயற்சியும் நடந்தது. இயற்கை ரப்பரையும் பாலிபுரோப்பிலீனையும் உருக்கிக் கலந்த வெப்பநெகிழ் ரப்பரைப் பற்றி 1970-களின் இறுதியிலிருந்து அதே உற்பத்தியாளர் ஆய்வகம் எழுதி வந்தது. மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில், ரப்பர்ச் சங்கிலியைத் துண்டித்துத் திரவமாக்கி, அதையே இரண்டுக்கும் இடையே இணக்கப்பொருளாக உபயோகித்தார்கள். அடியைத் தாங்குவதில் அக்கலவைகள் நன்றாகவே இருந்தன. ஆனால் இயற்கை ரப்பரின் ஒவ்வோர் உறுப்பிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு. ஓசோனும் வெயிலும் உருக்கும் வெப்பமும் முதலில் தாக்குவது அதையே. ஈ.பி.டி.எம்.மின் பிரதான சங்கிலியில் அப்பிணைப்பு கிடையாது. பத்தாண்டுக் காலம் வெயிலில் நிற்க வேண்டிய பாகத்துக்குத் தொழிற்சாலைகள் பின்னதைத் தேர்ந்ததில் அநியாயம் ஒன்றும் இல்லை என்றே என் அபிப்பிராயம்; இயற்கை ரப்பரின் எதிர்காலம், இரட்டைப் பிணைப்பு குறையாக இல்லாமல் கைப்பிடியாக உதவும் இடங்களில், அதாவது எப்பாக்சி வகையைப்போல் இரசாயன மாற்றத்துக்கு வழிவிடும் இடங்களில் இருக்கிறது.

பழைய பம்பர்கள் இன்று வேறொரு கேள்வியை எழுப்புகின்றன. பாலிபுரோப்பிலீனையும் ஈ.பி.டி.எம்.மையும் மறுபடி உருக்கலாம். மேலுள்ள பாலியூரித்தேன் வர்ணமோ வலைபோல் குறுக்கே பிணைந்து இறுகியதாதலால் உருகாது. பம்பரை அப்படியே அரைத்து உருக்கினால் வர்ணத் துணுக்குகள் செதில் செதிலாக உள்ளே நின்று, அவற்றின் விளிம்பிலிருந்தே விரிசல் தொடங்குகிறது. முன்பு அரும்பாடுபட்டு உண்டாக்கிய பிணைப்பை இப்போது அவிழ்த்தாக வேண்டும். அவிழ்க்க முடியாவிட்டால், துணுக்குக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே புதிதாக ஒரு பிணைப்பை உண்டாக்க வேண்டும். மாஸ்டா போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் அரைத்த சில்லுகளிலிருந்து வர்ணத்தைத் தேய்த்து நீக்கும் முறையைக் கைக்கொண்டன. கொதிநீராலும் காரத்தாலும் வர்ணத்தின் பிணைப்புகளைச் சிதைக்கும் முறைகளும் உண்டு. வேறு சிலர் துணுக்குகளைப் பொடியாக அரைத்து, மாலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரோப்பிலீனை இணக்கப்பொருளாகச் சேர்க்கிறார்கள். கடைசி முறை செலவு குறைந்தது. சக்கரக் கவசத்தின் உட்புறம், என்ஜினுக்கு அடியிலுள்ள மூடி முதலிய மறைவான பாகங்களுக்கு அது போதும். மீண்டும் வர்ணம் ஏற்க வேண்டிய பம்பருக்கு அது ஆகாது; மேற்பரப்பில் துருத்தும் ஒவ்வொரு துணுக்கும் புதுப் பூச்சில் ஒரு பருவாகத் தெரிவதோடு, அதைச் சுற்றியே அடுத்த உரிதலும் தொடங்கும்.